தாய்லாந்து வங்கியில் சேமிப்புக் கணக்கு: ஓய்வுக்கால விசாவில் வருவோருக்கு எப்படி?

தாய்லாந்து வங்கி கொடுக்கும் பாஸ்புக்கை இமிகிரேஷன் அதிகாரி வரி வரியாகப் படிப்பார். எந்தத் தேதியில் பணம் வந்தது, எங்கிருந்து வந்தது, இடையில் எவ்வளவு குறைந்தது என்று விரல் வைத்துப் பார்ப்பார். அதனால் இந்தக் கணக்கை எடைபோடும்போது வட்டி விகிதம், செயலியின் அழகு எல்லாம் இரண்டாம்பட்சம். ஓய்வுக்கால விசா நீட்டிப்புக்கு, அதாவது ஓய்வுபெற்றவர் மேலும் ஓராண்டு தங்க இமிகிரேஷன் தரும் அனுமதிக்கு, இது எவ்வளவு சிக்கலில்லாமல் உதவுகிறது என்பதே முதல் கேள்வி. அந்த வகையில் இது நல்ல கணக்கு. ஆனால் திறப்பதற்குள் படுத்திவிடும்.

விதி இதுதான்: 50 வயது நிறைந்தவர், தன் ஒருவர் பெயரில் மட்டும் உள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மாத வருமானம் 65,000 பாட் என்று காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு 8 லட்சம் என்று காட்டவும் வழி உண்டு. கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் போட்ட பணம் இதற்குச் செல்லாது. பலர் இடறுவது இங்கேதான்.

சுற்றுலாப் பயணியாக, விசா விலக்கில் வந்து இறங்கியவருக்குப் பெரும்பாலான கிளைகள் கணக்குத் தருவதில்லை. பிறர் பெயரில் கணக்கு வாங்கி நடத்தும் மோசடிகள் பெருகியபின் கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. சரி, விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்று இமிகிரேஷனுக்குப் போனால், அங்கே வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். இந்தச் சுழலுக்குள் சிக்காமல் இருக்க ஒரே நேர்வழி, கிளம்பும் முன்பே இ-விசா தளத்தில், ஓய்வுபெற்றோருக்கும் தரப்படும் நான்-இமிகிரண்ட் 'ஓ' விசா வாங்கிவிடுவது. அதைக் கொண்டு நுழைந்தால் 90 நாள் தங்கலாம். கவுன்டரில் பேச்சே மாறிவிடும்.

ஆனால் அந்த 90 நாளுக்குள் ஒரு தேதிக் கணக்கு ஒளிந்திருக்கிறது. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 8 லட்சமும் இரண்டு மாதம் வங்கியில் கிடந்திருக்க வேண்டும். ஜனவரி 1 அன்று இறங்கினால் மார்ச் 31 வரை அனுமதி. ஜனவரி 20-க்குள் பணம் முழுவதும் ஏறிவிட்டால் மார்ச் 20-க்கு இரண்டு மாதம் முடியும், கையில் பத்து நாளுக்கு மேல் மிச்சம். பிப்ரவரி 5-ல்தான் ஏறியது என்றால் ஏப்ரல் 5 வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் அனுமதி முடிந்துவிடும். ஆகவே இறங்கிய முதல் வாரத்திலேயே கிளைக்குப் போங்கள். வீடு பார்ப்பது, வண்டி வாங்குவது எல்லாம் அப்புறம்.

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், வீட்டு வாடகை ஒப்பந்தம், வீட்டு உரிமையாளர் இமிகிரேஷனில் உங்கள் வருகையைப் பதிவு செய்த டிஎம் 30 ரசீது, உங்கள் பெயரிலேயே பதிவான தாய்லாந்து சிம். சில கிளைகள் இமிகிரேஷன் தரும் வசிப்பிடச் சான்றிதழையும் கேட்கும். அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் ஒரு நடை மிச்சம். டிஎம் 30 என்பது உரிமையாளரின் கடமை, 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது. அவர் செய்யாவிட்டால் சிரமம் உங்களுக்கு. முன்பணம் கொடுக்கும்போதே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். கணக்கில் ஏறும் பெயர், பணம் அனுப்பும் வங்கியில் நீங்கள் எழுதும் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்விஃப்ட்டில் (வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் வலைப்பின்னல்) வந்த பணம் நடுவழியில் நின்றுவிடும், நாள் கணக்கு தப்பிப்போகும். பாஸ்புக் கைக்கு வந்ததும், கவுன்டரை விட்டு நகரும் முன் முதல் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

எந்த வங்கி என்பதைவிட எந்தக் கிளை என்பதே பெரிய விஷயம். ஒரே வங்கியின் ஒரு கிளை முடியாது என்று திருப்பி அனுப்பியதை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் இன்னொரு கிளை அரை மணி நேரத்தில் முடித்துத் தரும். வெளிநாட்டவர் அதிகம் குடியிருக்கும் பகுதிக் கிளைகளுக்கு இந்தக் காகிதங்கள் பழக்கம். பாங்காக் வங்கியில் வெளிநாட்டிலிருந்து ஸ்விஃப்ட்டில் வந்த தொகைக்கு எதிரே பாஸ்புக்கில் 'எஃப்டிடி' என்று குறியீடு விழும், அதிகாரிக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 65,000 பாட் வழியில் போகிறவர்கள் இந்தக் குறியீட்டை மாதா மாதம் பார்க்க வேண்டும். இணையவழிப் பணமாற்ற நிறுவனங்கள் சில, தங்கள் உள்ளூர்க் கணக்கிலிருந்து பணத்தைத் தள்ளிவிடும். அது உள்நாட்டுப் பரிமாற்றம் போலப் பதிவாகிவிட்டால், வெளிநாட்டு வருமானம் என்று நிரூபிப்பது பெரும்பாடு. அன்றாடப் புழக்கத்துக்கு கசிகோர்ன் வங்கியின் கே பிளஸ் செயலி நன்றாக இருக்கிறது, ஆங்கிலத்திலும் இயங்கும்.

பணம் அனுப்பும்போது அந்தப் பக்கத்திலேயே பாட்டாக மாற்றி அனுப்பாதீர்கள். டாலராகவோ வேறு அந்நியச் செலாவணியாகவோ வரட்டும், தாய்லாந்து வங்கி மாற்றிக்கொள்ளும். விலை பொதுவாக இங்கேதான் நன்றாகக் கிடைக்கும். பின்னாளில் அடுக்குமாடி வீடு வாங்குவதாக இருந்தால், பணம் அந்நியச் செலாவணியாக உள்ளே வந்தது என்ற சான்றும் தேவைப்படும். பாங்காக் வங்கி வரவுக் கட்டணமாக 0.25 சதவீதம் எடுக்கும்: குறைந்தது 200 பாட், அதிகபட்சம் 500 பாட்.

கணக்குத் திறக்கும்போது விபத்துக் காப்பீடு சேர்ந்த ஏடிஎம் அட்டையை எடுக்கச் சொல்லிப் பல கிளைகளில் வற்புறுத்துவார்கள். காப்பீடு எடுத்தால்தான் கணக்கு என்று சட்டம் எதுவும் இல்லை. சாதாரண அட்டை போதும் என்று பொறுமையாகச் சொல்லலாம், ஒத்துவராவிட்டால் அடுத்த கிளை.

இதைவிட முக்கியம், 8 லட்சம் கிடக்கும் கணக்குக்கு அட்டையே வாங்காதீர்கள். சரியாக 8,00,000 வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் கணக்கிலிருந்து ஒரு நாள் அட்டையின் ஆண்டுக் கட்டணம் கழியும். இருப்பு ஏழு லட்சத்துச் சொச்சம் என்று ஒரு வரி அச்சாகும். அந்த ஒரு வரி போதும், இரண்டு மாதக் கணக்கு அறுந்துவிடும். விசாவுக்கு ஒரு கணக்கு, செலவுக்கு ஒரு கணக்கு என்று இரண்டாகப் பிரித்து, முதலாவதில் சில ஆயிரம் பாட் கூடுதலாகவே வைத்துத் தொடாமல் விட்டுவிடுவதே பாதுகாப்பு.

தொடத்தான் வேண்டும் என்றால் அதற்கும் அளவு உண்டு. 2019 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, நீட்டிப்பு கிடைத்தபின் மூன்று மாதம் 8 லட்சமும் அப்படியே இருக்க வேண்டும். அதன்பின் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி 8 லட்சம் நிரம்பியிருக்க வேண்டும். மார்ச் 25-ல் நீட்டிப்பு வாங்கியவர் ஜூன் 25-க்குப் பின் பாதியை எடுக்கலாம், ஜனவரி 20 வாக்கில் திருப்பிப் போட்டுவிட வேண்டும்.

நீட்டிப்புக்குப் போகும் நாளில் வங்கி தரும் இருப்புக் கடிதமும் பாஸ்புக்கின் கடைசி வரியும் ஒரே தொகையைக் காட்ட வேண்டும். காலையில் கிளை திறந்ததும் 100 பாட் போடுங்கள், பாஸ்புக்கில் அன்றைய தேதியில் ஒரு வரி அச்சாகும். பிறகு கடிதம் வாங்குங்கள், நேரே இமிகிரேஷன், அங்கே கட்டணம் 1,900 பாட். மாதம் ஒருமுறையாவது பாஸ்புக்கை இயந்திரத்தில் கொடுத்து அச்சிட்டுக்கொள்ளவும் வேண்டும். பல மாதம் விட்டுவிட்டால் பரிவர்த்தனைகளையெல்லாம் ஒரே வரியாகச் சுருக்கி அடித்துவிடும். அப்புறம் 12 மாத அறிக்கை கேட்டு, அது வர நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சேமிப்பு வட்டி ஆண்டுக்கு 20,000 பாட்டுக்குள் இருந்தால் வரி கிடையாது, நிலை வைப்பு வட்டியில் 15 சதவீதம் பிடித்துவிடுவார்கள். வங்கி மூடப்பட்டால் கிடைக்கும் வைப்புக் காப்பு ஒருவருக்கு ஒரு வங்கிக்கு 10 லட்சம் பாட், எனவே விசாப் பணம் முழுவதும் அதற்குள் அடங்கும். ஆண்டில் 180 நாள் தங்கினால் வரிக்கு நீங்கள் குடியிருப்பாளர். 2024 ஜனவரி 1 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக் கணக்கில் சேரும், அதற்கு முந்தைய சேமிப்பு சேராது. ஆகையால் 2023 டிசம்பர் 31 அன்றைய இருப்பைக் காட்டும் உங்கள் ஊர் வங்கி அறிக்கை ஒன்றைக் கோப்பில் வைத்திருங்கள்.

செயலியில் ஒரே தடவையில் 50,000 பாட்டோ, ஒரு நாளில் மொத்தம் 2 லட்சமோ அனுப்ப முகப் பதிவு கேட்கும். அதைக் கிளையில் நேரில்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண் மாறும். வங்கி, சிம் நிறுவனம் இரண்டிலும் உடனே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் செயலி முடங்கலாம்.

கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால், செய்தி தெரிந்ததும் வங்கி கணக்கை நிறுத்திவைக்கும். நீதிமன்றம் நியமிக்கும் சொத்து நிர்வாகி வந்தால்தான் பணம் வெளியே வரும். மனைவி கையில் அட்டையும் ரகசிய எண்ணும் இருப்பதை வைத்து எடுப்பது சட்டப்படி தவறு. விசாக் கணக்குக் கூட்டுக் கணக்காக இருக்க முடியாது என்பதால், தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் தனியாக ஓர் உயில், தாய் மொழிபெயர்ப்போடு, கணக்குத் திறந்த முதல் ஆண்டிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.