சீஆர் கொப்பியா, போன் செயலியா: இரண்டு காலபோகம் பார்த்த பிறகு

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் இடதுகரை வாய்க்காலுக்குக் கீழே எனக்கு மூன்று ஏக்கர் வயல், கூடவே எங்கள் கமக்கார அமைப்பின் செயலாளர் வேலை. ஒரு நாளில் வாயால் கொடுக்கும் வாக்கு மட்டும் ஏழெட்டு வரும்: கூட்ட அறிக்கை எழுதித் தாறன், படிவத்தைக் கமநல சேவை நிலையத்தில் கொடுக்கிறன், உழவு மெசின்காரரிடம் உங்களுக்கும் சேர்த்துச் சொல்லி வைக்கிறன். இவற்றில் பாதி, ரோட்டோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கால் ஊன்றியபடி சொன்னவை. இதையெல்லாம் பிடித்து வைக்கப் போன காலபோகம் (மாரிமழை நெற்பருவம்) முழுக்கப் போனில் ஒரு செயலியும், இந்தக் காலபோகம் கெட்டி அட்டை போட்ட 120 பக்க சீஆர் கொப்பியும் பாவித்துப் பார்த்தேன். நான் இப்போது கொப்பிப் பக்கம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். போன் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும், மணி அடித்து நினைவூட்டும், தேடினால் கிடைக்கும். கொப்பிக்குச் சார்ஜ் வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் நிறுத்தியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வட்ஸ்அப்பில் தனக்குத்தானே செய்தி அனுப்பி வைப்பவர்களும் உண்டு, அது போட்டு வைக்க நல்லது, ஆனால் மூன்றாம் நாள் மேலே போய் மறைந்துவிடும்.

எதைப் பாவித்தாலும் வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து துப்புரவாக்கத்தான் வேண்டும். இரண்டும் பிரிகிற இடம் அதுதான். செயலியில் திகதி போடாத வேலை அடியில் போய்க் கிடந்துவிடும், அதனால் எல்லாவற்றுக்கும் திகதி போட்டேன். ஆனால் எங்கள் வேலையில் பாதிக்குத் திகதியே கிடையாது. 'மழை விட்டதும் புல்லுக்கு மருந்து அடிக்க', 'தண்ணீர் திறந்ததும் வரம்பு பார்க்க', 'அவர் மாங்குளத்தால் வந்ததும் கணக்குக் கேட்க' என்றுதான் வரும். மருந்துக்குப் புதன்கிழமை போட்டேன், மழை விடவில்லை, புதன் போனது, வரி சிவப்பாகிவிட்டது. அப்படிச் சிவப்பானவற்றை மொத்தமாக நாளைக்குத் தள்ள ஒரு பொத்தான் இருந்தது, அதைத் தொட்டேன், மறுநாளும் தொட்டேன், பிறகு எதையும் வாசிக்காமலே தொடப் பழகிவிட்டேன். தை மாதம் நாற்பதுக்கு மேல் சிவப்பு வரிகள். அதற்குள்ளே ஒரு அம்மாவின் பயிர்ச் சேதப் படிவமும் இருந்தது. கடைசி நாளுக்கு மறுநாள்தான் கண்டேன். அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

கொப்பியில் அந்தப் பொத்தான் இல்லை. ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணியோடு இருந்து புதுப் பக்கம் திறந்து, முடியாத ஒவ்வொன்றையும் கையால் திரும்ப எழுத வேண்டும், பழைய வரிக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி. எழுதும்போதே கேள்வி வந்துவிடும்: இதை நான் செய்யத்தான் போகிறேனா? 'மதகுப் பலகை மாற்ற' என்பதை நாலு ஞாயிறு எழுதினேன். ஐந்தாம் ஞாயிறு பேனை அந்த வரியில் நின்றுவிட்டது. யோசித்தால், அளவே எடுக்காமல் ஆசாரியிடம் என்னவென்று போய்ச் சொல்வது? வரியை வெட்டிவிட்டு, 'மதகு அளவு எடுக்க, டேப் கொண்டுபோக' என்று எழுதினேன். திங்கள் காலை வயலுக்குப் போகிற வழியிலேயே அது முடிந்தது. சில வரிகளை எழுதக் கை வராது. அவற்றை உரியவரிடம் போய் 'என்னால் ஏலாது, வேறு ஆளைப் பாருங்கள்' என்று சொல்லிவிடுவேன். இதில் புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை, அமெரிக்கரான ரைடர் கரோல் 2013 இல் வெளியிட்ட புல்லட் ஜேர்னல் முறைக்கு நடுநாயகமே இந்த நகர்த்தி எழுதுதல்தான். அவர் சொன்ன அடையாளங்கள் எல்லாவற்றையும் நான் போடுவதில்லை, புள்ளி, வெட்டு, அம்பு மூன்றும் போதும். கொப்பியைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து ஒரு பட்டியல் வரும்: மற்றவர்கள் எனக்குத் தாறன் என்று சொன்னவை, பெயரோடும் சொன்ன நாளோடும்.

செயலிகளிலும் இதற்குக் கிட்ட வருவது ஒன்று உண்டு. மைக்ரோசொப்ட் டு டூவில் 'மை டே' என்ற பட்டியல் ஒவ்வொரு இரவும் வெறுமையாகிவிடும், காலையில் நாமே தெரிந்து போட வேண்டும். போனில்தான் வைப்பேன் என்கிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ஒரே பட்டியலை நாலுபேர் பகிர்ந்து வேலை செய்கிற அலுவலகங்களுக்குச் செயலி மேலாக இருக்கலாம். நான் அப்படிப் பாவித்ததில்லை, அதனால் அதில் என் சொல்லைப் பெரிதாக எடுக்க வேண்டாம். செயலியை நம்பி எல்லாவற்றையும் போட்டு வைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வுண்டர்லிஸ்ட் என்று ஒன்று பெயரோடு இருந்தது, 2015 இல் மைக்ரோசொப்ட் வாங்கியது, 2020 மே மாதம் மூடிவிட்டார்கள்.

கொப்பிக்கும் பயம் உண்டு, தண்ணீர்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுப் பத்திரங்களை வெயிலில் பிரித்துக் காயப்போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு எழுதி முடித்ததும் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைக்கிறேன், கொப்பி பொலித்தீன் பைக்குள்தான் பயணம் போகும். உண்மையிலேயே திகதி உள்ளவை, அதாவது வங்கிக் கடன் தவணை, வாகன வரிப்பத்திரம், படிவங்களின் கடைசி நாள், இவை இப்போதும் போன் கலண்டரில்தான், ஒரு கிழமை முன்னும் ஒரு நாள் முன்னும் இரண்டு மணியோடு. அந்த அம்மாவின் படிவத்துக்குப் பிறகு மற்றவர்களுடைய கடைசி நாள்களைக் கொப்பியில் மட்டும் விட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து வரும் கோடை நெற்பருவமான சிறுபோகத்துக்கு எவ்வளவு விதைக்கலாம் என்பது குளத்துத் தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில்தான் முடிவாகும். அதற்காக ஒரு பக்கத்துக்கு 'கூட்டம் முடிந்ததும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். ஆறு வரி இருக்கிறது, எதற்கும் திகதி இல்லை.