220 யென்னுக்கு ஒரு ஸ்பிட்ஸ்

ஜப்பானில், ஹமமத்சுவில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு பழைய பொருள் கடை. புத்தகம், சிடி, கிட்டார், ரைஸ் குக்கர் என்று எல்லாம் கிடைக்கும். சிடி அலமாரியில் ‘ச’ வரிசைக்குப் போனால் ஒரே சிடி ஐந்தாறு பிரதி எப்போதும் நிற்கும். ஸ்பிட்ஸ் என்ற ஜப்பானிய ராக் குழுவின் ‘ரீசைக்கிள்’. 220 யென், ஒரு பாட்டில் டீயைவிடக் கொஞ்சம் கூட. கீறல் இல்லை. பாடல் வரிப் புத்தகத்தில் மட்டும் யாரோ காபி சிந்தியிருந்தார்கள்.

மறுநாள் கம்பெனியில் பெருமையாகச் சொன்னேன். எங்கள் டிசைன் பிரிவில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார், ஃபுஜிஎதா என்ற ஊர்க்காரர். ஸ்பிட்ஸில் கிட்டார் வாசிக்கும் மிவா தெத்சுயாவும் பேஸ் கிட்டார் வாசிக்கும் தமுரா அகிஹிரோவும் அந்த ஊர்ப் பையன்கள் என்பதில் அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் பாஸான மாதிரி ஒரு பூரிப்பு. ஆனால் நான் வாங்கியதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. “அதையா வாங்கினீங்க?” என்றார்.

கதை இதுதான். ஸ்பிட்ஸ் 1987இல் தொடங்கிய குழு. பாட்டு எழுதிப் பாடும் குசானோ மசமுனே, மிவா, தமுரா, டிரம்ஸில் சகியாமா தத்சுவோ. அன்றிலிருந்து இன்றுவரை அதே நால்வர், ஒருவர்கூட மாறவில்லை. ஹிட் பாட்டுகளைச் சேர்த்து ‘பெஸ்ட்’ தொகுப்பு போடுவதென்றால் அது குழு கலையும் நாளில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விருப்பமில்லாமலேயே 1999 டிசம்பரில் ரெக்கார்டு நிறுவனம் ‘ரீசைக்கிள்’ தொகுப்பை வெளியிட்டது. 20 லட்சத்துக்கு மேல் விற்றது. பெற்றவர்களுக்கே பிடிக்காத பிள்ளை ஊரெல்லாம் செல்லப்பிள்ளையாகிவிட்டது. கடைசியில் 2006 மார்ச் 25இல், முதல் சிங்கிள், அதாவது ஒரு பாட்டை முன்வைத்து வரும் சின்ன வெளியீடு, வந்து சரியாகப் பதினைந்து வருடம் ஆன நாளில், குழு தன் பங்குக்கு ‘சைக்கிள் ஹிட்’ என்று இரண்டு தொகுப்புகளை வெளியிட்டது. ‘ரீசைக்கிள்’ அதோடு நிறுத்தப்பட்டது. இன்று வேண்டுமென்றால் என்னைப் போல் பழைய கடையில்தான் பொறுக்க வேண்டும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். மொத்தம் 13. முதலில் எல்லோரையும் போல நானும் ‘ராபின்சன்’ பாட்டுக்குத்தான் தாவினேன். 1995 ஏப்ரலில் வந்த சிங்கிள். 16 லட்சத்துக்கு மேல் விற்றும் தரவரிசையில் முதலிடத்துக்குப் போகவில்லை, நாலாம் இடம்தான். தொடக்கத்தில் மிவா கிட்டாரின் ஒவ்வொரு தந்தியாக மீட்டுவார். அது மழை நின்ற பிறகு ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுவது மாதிரி இருக்கும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அந்த முதல் பத்து விநாடி போதும். ராபின்சன் யார் என்று தேடி அலையாதீர்கள், பாட்டுக்குள் அந்தப் பெயரே வராது. குசானோ தாய்லாந்துக்குப் போனபோது பார்த்த ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பெயர் அது. தற்காலிகமாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை கேட்கும்போது பாடகரை விட்டுவிட்டு தமுராவின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அடியில் அது தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்.

‘செரி’ 1996இல் வந்தது. ஜப்பானில் கிட்டார் வாங்கும் பாதிப் பேர் முதலில் பழகும் பாட்டு இதுவாகத்தான் இருக்கும். சி, ஜி, ஏ மைனர் என்று கிட்டார் கார்டுகள் சுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது எஃப் வந்து விரலை முறிக்கும். நான் மூன்று மாதமாக அந்த எஃப்பில்தான் நிற்கிறேன். கரோக்கேயில் வேறு கதை. மெட்டு எளிதுதானே என்று மைக்கைப் பிடித்தால், குசானோ எவ்வளவு உயரத்தில் பாடுகிறார் என்பது அப்போதுதான் உறைக்கும். அவர் கத்துவதே இல்லை, அதனால் நாம் ஏமாந்துவிடுகிறோம். ஃபுஜிஎதாக்காரர் கூச்சமே இல்லாமல் சுருதியை நாலு படி இறக்கிவிட்டுப் பாடுவார். நானும் இப்போது அப்படித்தான்.

‘சோரா மோ தொபேரு ஹசு’, வானத்தில்கூடப் பறந்துவிடலாம் என்கிற பாட்டு, பள்ளிப் பட்டமளிப்பு நாட்களில் பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவது. 1994இல் வெளிவந்து, 1996இல் ‘ஹகுசென் நகாஷி’ என்ற டிவி தொடருக்கு முகப்புப் பாட்டானதும் மறுபடி கிளம்பி முதலிடம் பிடித்தது. நல்ல பாட்டுதான். எனக்குக் கொஞ்சம் தித்திப்பு அதிகம்.

இந்தக் குழுவைப் பற்றிப் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. மெட்டு இதமாக, குரல் தெளிவாக இருப்பதால் எல்லாம் சாதுவான காதல் பாட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் ஜப்பானிய மொழி அரைகுறைதான். ஆனாலும் அகராதியை வைத்துக்கொண்டு காபிக் கறைக்கு அடியில் ‘அஓய் குருமா’ வரிகளைப் படித்தபோது திடுக்கிட்டேன். நீலக் காரில் கடலுக்குப் போகும் உல்லாசப் பாட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்! தொடக்கமே ஒரு குளிர்ந்த கை அவள் பிடரியைக் கடிக்கிறது. ‘ஸ்பைடர்’ துள்ளலான பாட்டு. அதில் பேசுகிறவன் நிலவறை மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சிலந்தி, அவளைக் கவர்ந்துகொண்டு ஓடப் பார்க்கிறான். தன் பாட்டுகளின் கருப்பொருள் காமமும் சாவும்தான் என்று குசானோவே முன்பு பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டால் அந்த இதமான குரல் வேறு மாதிரி கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ஹமனா ஏரிப் பக்கம் என் வெள்ளைக் காரில் ‘அஓய் குருமா’ ஓடினால், மனைவி ஜன்னல் பக்கம் தலையாட்டிக்கொண்டு வருவாள். நான் அர்த்தம் சொல்லவில்லை.

கடைசிப் பாட்டு ‘கஎதே’, மேப்பிள் மரம். 1998. பிரிவைப் பற்றிய மெதுவான பாட்டு. இதை நான் வண்டி ஓட்டும்போது கேட்பதில்லை.

எதை வாங்கலாம் என்று கேட்டால், ‘சைக்கிள் ஹிட்’ 1991–1997. சிங்கிள்களை வெளிவந்த வரிசையிலேயே அடுக்கியிருக்கிறார்கள். 1991இன் ‘ஹிபாரி நோ கொகொரோ’ முதல் கேட்டுக்கொண்டே வந்தால், விற்காத நாட்களும் தெரியும், 1993இல் தயாரிப்பாளராக சசாஜி மசனோரி வந்த பிறகு பாட்டு எப்படித் திறந்துகொள்கிறது என்பதும் தெரியும். ‘ரீசைக்கிள்’ அந்தத் தொடக்க வருடங்களை அப்படியே வெட்டிவிட்டது. மாம்பழத்தில் கன்னத்தை மட்டும் நறுக்கி வைத்த மாதிரி. குழு ஏன் கோபப்பட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டாவது தொகுப்பில் 2004இன் ‘ஸ்டார்கேஸர்’ ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். 2017இல் வந்த மூன்றாவதில் பாதியைத் தாண்டித் தாண்டித்தான் கேட்கிறேன். ‘செரி’யும் ‘ராபின்சன்’னும் மட்டும் போதும் என்பவர்கள் 220 யென்னோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை.

மூன்றையும் வாங்கிய பிறகு ‘ரீசைக்கிள்’ எதற்கு என்று அதே மாதிரி இன்னொரு கடைக்கு விற்கக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த பெண் வரிப் புத்தகத்தைப் புரட்டி, கறையைப் பார்த்து, மிகவும் பணிவாக 5 யென் தரலாம் என்றாள். நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். இப்போது அது காரிலேயே கிடக்கிறது. கஎதே வந்தால் மட்டும் நிறுத்திவிடுவேன்.