மன அழுத்தப் பெருந்தீனி: கொரியக் கஷாயமா, அக்குபங்சரா?

தென்கொரியாவில் மன அழுத்தத்தால் கட்டுப்பாடின்றி உண்பவர்களுக்கு, மரபு மருத்துவர்கள் கல்லீரலின் உயிராற்றல் தேங்கியதாகக் கணித்து மூலிகைக் கஷாயமோ அக்குபங்சரோ பரிந்துரைப்பதுண்டு.

கஷாயம் பசியை விரைவில் அடக்கலாம். ஆனால் எடைக்குறைப்புக் கஷாயங்களில் அடிக்கடி சேர்க்கப்படும் மாஹ்வாங் என்னும் மூலிகையிலுள்ள எபிட்ரின், இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தி உறக்கத்தைக் கெடுக்கக்கூடியது. அமெரிக்கா 2004இல் எபிட்ரின் கலந்த உணவுத் துணைப்பொருள்களைத் தடைசெய்ததும் இத்தகைய ஆபத்துகளால்தான். உறக்கம் குலைந்தால் மறுநாள் பசியும் பதற்றமும் கூடும் என்பதால், மன அழுத்தமே வேராக உள்ள இச்சிக்கலுக்கு மாஹ்வாங் கலந்த கஷாயம் பொருந்தாது என்றே கருதுகிறேன்.

காது மடலிலும் செய்யப்படும் அக்குபங்சருக்குச் சான்றுகள் வலுவானவையல்ல. எனினும் தேர்ந்தவர் கையில் தீங்கு குறைவு, பல நோய்களுக்கான அக்குபங்சருக்குக் கொரியத் தேசிய மருத்துவக் காப்பீடும் உண்டு. எதைத் தேர்ந்தாலும், மேலான சான்றுள்ள அறிதல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சை) கைவிடக் கூடாது.