பங்குச் சந்தைச் சொற்களைக் கற்க எது நல்லது: சொற்பட்டியலா, ஆண்டறிக்கையா?

இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன். முதலில் சொற்பட்டியல்: தினமும் பத்துச் சொல், நோட்டில் எழுதி மனப்பாடம். அப்புறம் அதை விட்டுவிட்டு, ஒரே ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்துத் தெரியாத சொல் வந்த இடத்திலெல்லாம் நின்று நின்று படித்தேன். யார் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பட்டியலில் வேகம் உண்டு. முக மதிப்பு, ஈவுத்தொகை, போனஸ் பங்கு போன்றவற்றுக்கு அது போதும்.

ஆனால் பல நிதிச் சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. தேய்மானத்தையே எடுத்துக்கொள்வோம். ‘சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவது’ என்று பட்டியலில் படித்து, புரிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஆண்டறிக்கையிலோ அது மூன்று இடங்களில் வந்தது. 10 லட்சம் ரொக்கம் கொடுத்து வாங்கிய இயந்திரம் 10 ஆண்டு உழைக்கும், கடைசியில் மதிப்பு ஏதும் மிஞ்சாது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாப நட்டக் கணக்கில் ஆண்டுக்கு 1 லட்சம் செலவாகக் கழிகிறது. பேலன்ஸ் ஷீட்டில், அதாவது நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் பட்டியலில், இயந்திரத்தின் மதிப்பு அதே 1 லட்சம் இறங்குகிறது. பணம் எவ்வளவு வந்தது, போனது என்று காட்டும் பணப்பாய்வு அறிக்கையில் மட்டும் அதை லாபத்தோடு திரும்பக் கூட்டுகிறார்கள்!

ஏன் என்று அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இயந்திரத்துக்கான பணம் வாங்கிய அன்றே போய்விட்டது; அதன்பின் தேய்மானத்துக்காக யாருக்கும் காசு கொடுப்பதில்லை. லாபம் வேறு, கைக்கு வரும் பணம் வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. அது பிடிபட்டதும் ‘வர வேண்டிய பாக்கி’ என்ற வரியும் தானாக விளங்கியது: சரக்கு விற்றாயிற்று, லாபத்தில் ஏறியாயிற்று, பணம் இன்னும் வரவில்லை. லாபம் ஏறி, தொழிலிலிருந்து வரும் பணம் இறங்கினால் இப்போது முதலில் அந்த வரியைத்தான் தேடுகிறேன். மனப்பாடம் செய்த காலத்தில் இப்படித் தேடத் தோன்றியதே இல்லை.

நேரம் கூடுதலாகத்தான் பிடிக்கும். முதல் அறிக்கையைப் படிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஸ்டாப் லாஸ், மார்ஜின் போன்ற, பங்குகளை வாங்கி விற்பதில் வரும் வர்த்தகச் சொற்களுக்கு இந்த வழி உதவாது. நான் வர்த்தகம் அதிகம் செய்ததில்லை என்பதால் அந்தப் பக்கம் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தொடங்குகிறீர்கள் என்றால் பொருள் தயாரித்து விற்கும் நிறுவனமாக எடுங்கள். வங்கி வேண்டாம். அங்கே வாடிக்கையாளர் போட்ட பணம் பொறுப்புப் பக்கத்திலும் (திருப்பித் தர வேண்டியவை), கொடுத்த கடன் சொத்துப் பக்கத்திலும் இருக்கும். முதல் வாசிப்பிலேயே குழப்பிவிடும்.