அடைப்புக்குறிக்கு முன் ஒரு கழித்தல் குறி: பயிற்சிநூல் மதிப்புரை

ஒருபடிச் சமன்பாடுகளை மட்டுமே எடுத்துக்கொண்டு, பங்கீட்டுப் பண்பையும் (அடைப்புக்கு வெளியே உள்ள எண்ணால் உள்ளே உள்ள ஒவ்வொரு உறுப்பையும் பெருக்குவது) ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பதையும் பழக்கும் பயிற்சிநூல் ஒன்றை வாங்கி, இரண்டு மாதங்களாக என் மகளுடன் உட்கார்ந்து கணக்குகளைப் போட்டுவருகிறேன். வாங்கத் தகுந்த நூல்தான். ஆனால் பின்பக்க விடைகளை நம்பிப் பிள்ளையிடம் தனியே விட்டுவிடக் கூடாது.

3(க − 4) + 2க = 18 போன்ற கணக்குகளை நூல் விரைவாகக் கடந்துவிடுகிறது. அடைப்பை நீக்கினால் 3க − 12 + 2க = 18, ஒத்த உறுப்புகளைச் சேர்த்தால் 5க = 30, ஆகவே க = 6; இதில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதில்லை. அடைப்புக்கு முன் கழித்தல் குறி வந்தால்தான் சிக்கல். 10 − 3(க − 2) = 4 என்பதை என் மகள் முதலில் 10 − 3க − 6 = 4 என்றே விரித்து, க = 0 என்று முடித்தாள். இந்த இடத்தில் நூல் பொறுமையாக நின்று, −3 முழுவதையும் பெருக்கும் எண்ணாகக் கருதி, அதிலிருந்து அடைப்புக்குள் உள்ள இரண்டு உறுப்புகளுக்கும் அம்புக்குறிகள் போடச் சொல்கிறது; −3 × −2 என்பது +6 ஆவது கண்ணுக்குத் தெரிந்தபின் க = 4 என்பது தானாக வந்தது.

"மறுபுறம் போனால் குறி மாறும்" என்ற மனப்பாடத்தை நூல் முதலில் தராமல், இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ வைப்பதும் எனக்குப் பிடித்தது. அல்ஜிப்ரா என்ற பெயருக்கு மூலமான அல்-ஜபர் என்ற சொல்லை 9ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி கையாண்டபோது, கழிக்கப்பட்ட உறுப்பை இருபுறமும் கூட்டிச் சரிசெய்யும் இந்தச் செயலையே அது குறித்தது.

பெரிய குறை விடைப்பகுதி. அதில் இறுதி விடை மட்டுமே இருக்கிறது, படிநிலைகள் இல்லை. 7 − 2(க − 3) = 5 என்ற கணக்கில் மகள் 7இலிருந்து 2ஐ முதலில் கழித்து, 5(க − 3) = 5 என்று எழுதி, க = 4 என்றாள். சரியான முறையிலும் விடை 4தான்! பிரதியிட்டுச் சரிபார்த்தாலும் பிழை வெளிப்படாது. ஒவ்வொரு வரியாகப் படித்ததால்தான் எனக்குத் தெரிந்தது. வலப்பக்க 5ஐ 9ஆக மாற்றிக் கொடுத்தேன்: சரியான விடை 2, அவள் முறையில் வந்ததோ 24/5. அப்போதுதான், பெருக்கலை முடிக்காமல் 7ஐத் தொடக் கூடாது என்பது அவளுக்குப் பிடிபட்டது. தேர்ந்தெடுக்கும்போதே இந்த எண்களை நூலாசிரியர்கள் கவனித்திருக்க வேண்டும்.

பின்னச் சமன்பாடுகளை இரண்டே பக்கங்களில் அடைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு வேறு நூலைத் தேட வேண்டியிருக்கும்.