“முழுத் தேக்கு” என்ற வாய்ச்சொல்லை நம்பி அலுமாரி வாங்காதீர்கள்

வெள்ளவத்தையில் நாங்கள் குடிவந்த தொடர்மாடி வீட்டுக்குத் தளபாடம் தேடி, கடந்த ஆண்டு பெப்ரவரியில் நானும் மாமியும் மொரட்டுவைக்குச் சென்றோம். தச்சுத் தொழிலுக்குப் பேர்போன அந்த ஊரில் நேர்மையான தொழிலாளர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுதுவது எங்களை ஏமாற்றிய ஒரு கடையைப் பற்றி மட்டுமே.

கடையின் முன்புறத்தில் நின்ற மூன்று கதவு அலுமாரி உண்மையிலேயே அழகானது. கதவின் உட்புறத்திலும் தேக்கின் ரேகை தெளிவாக ஓடியது. இழுப்பறைகள் சிக்காமல் வந்தன. “அம்மா, இது முழுத் தேக்கு. உங்கட பேரப்பிள்ளைகளும் பாவிக்கலாம்” என்று கடைக்காரர் மாமியிடம் சொன்னார். அதே மாதிரியில் ஒன்று செய்து தர 240,000 ரூபாய் பேசி, 150,000 ரூபாய் முற்பணம் கொடுத்தோம். பற்றுச்சீட்டில் “அலுமாரி 1” என்று மட்டுமே இருந்தது. மரத்தின் பெயரையும் எழுதித் தாருங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மார்ச் நடுப்பகுதியில், இருட்டும் நேரத்தில் லொறி வந்தது. அலுமாரி மின்தூக்கிக்குள் அடங்கவில்லை. நான்கு மாடிகளுக்கும் படியால் தூக்கினார்கள். களைத்து நின்றவர்களைக் காக்கவைக்க மனமில்லாமல், சரியாகப் பார்க்காமலே மீதிப் பணத்தைக் கொடுத்துக் கையொப்பமும் இட்டேன்.

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கியதும், நிலம் துடைக்கும்போது ஈரம் படும் அடிப்பக்கம் ஊதத் தொடங்கியது. ஒருநாள் இழுப்பறையின் கைபிடி ஆணியோடு கழன்று என் கையில் வந்தது. ஆணியின் புரிகளில் ஈரமான ரஸ்க் தூளைப் போல ஏதோ ஒட்டியிருந்தது. எங்கள் ஒழுங்கையில் வேலை செய்யும் தச்சு பாஸ் வந்து, அலுமாரியைச் சாய்த்து அடியைக் கத்தியால் சுரண்டினார். கடதாசி அளவு மெல்லிய தேக்குத் தோல் உரிந்தது. அதற்குள்ளே இருந்தது, மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகை. கால்களும் சட்டமும் மரம்தான், ஆனால் வைரம் எனப்படும் உறுதியான உள்மரம் அல்ல; பட்டையை ஒட்டியிருக்கும் வெளிறு. அதைச் சாயம் பூசி மறைத்திருந்தார்கள். குண்டூசி முனையளவு துளைகளிலிருந்து மா போன்ற தூள் கொட்டிக் கிடந்தது. வெளிறில் உள்ள மாச்சத்தைத் தின்னத்தான் மரத்தைத் துளைக்கும் அந்தப் பூச்சி வருகிறது என்றும், வைரத்தை அது பெரும்பாலும் தொடாது என்றும் அவர் விளக்கினார். எம்.டி.எப். கெட்ட பொருள் அல்ல. ஈரம் படாத இடத்துக்கு, அதற்குரிய விலையில், அதன் பெயரைச் சொல்லி விற்றிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

கடைக்காரர் முதலில் நாங்கள் தண்ணீர் ஊற்றிவிட்டதாகச் சொன்னார். பிறகு “வாற கிழமை ஆள் அனுப்புறன்” என்று வாரக்கணக்கில் இழுத்தடித்தார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை நான் அழைத்தபோது ஜூன் மாதம் முடிந்திருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். பொறுமையாக நான் காத்திருந்த நாட்கள் கடைக்காரருக்கே சாதகமாக முடிந்தன. முறைப்பாடு செய்திருந்தாலும், மரத்தின் பெயரே இல்லாத பற்றுச்சீட்டைத் தவிர என்னிடம் வேறு சான்று இல்லை.

ஆகவே, ஓடர் கொடுக்கும்போது கதவு, சட்டம், பின்பலகை, இழுப்பறையின் அடி என ஒவ்வொன்றும் எந்த மரம் என்று பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். எழுத மறுக்கும் கடையை விட்டு உடனே வெளியேறுங்கள். சாயமும் வாணிஷும் பூசுவதற்கு முன்பே பட்டறைக்குச் சென்று பாருங்கள், ஏனெனில் பூசிய பின் வெளிறும் வைரமும் ஒரே நிறமாகிவிடும். பலகையின் வெட்டுமுனையைக் கட்டாயம் பாருங்கள்: முழு மரமாக இருந்தால் மேற்பரப்பின் ரேகை முனையிலும் தொடரும், ஒட்டிய தோலாக இருந்தால் ஓரத்திலேயே நின்றுவிடும். மின்தூக்கியின் அளவை முன்கூட்டியே எடுத்துச் செல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் பொருளைப் பார்த்த பின்னரே கடைசிப் பணத்தைக் கொடுங்கள்.

பாஸ் அடிப்பலகையை வெட்டி எறிந்துவிட்டுப் பலா மரத்தில் புதிதாகப் போட்டுத் தந்தார். கால்களையும் மாற்ற வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் அந்தக் கடையைத் தாண்டிப் போனபோது, நாங்கள் பார்த்து மயங்கிய அதே தேக்கு அலுமாரி இன்னும் முன்புறத்தில் நின்றது; ஓர் இளம் தம்பதி அதன் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.