டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்கு வாங்க வேண்டிய 5 மி.லி. சிரிஞ்ச்

டான்சில், அடினாய்டு ஆபரேஷன் முடிந்து குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டால் அடுத்த பத்து நாளும் பெரும்பாடு மருந்தை உள்ளே அனுப்புவதுதான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வலி குறையாமல் கூடவே செய்யலாம். காதும் சேர்ந்து வலிக்கும். வலி மருந்து நேரம் தவறினால் குழந்தை எச்சிலைக்கூட விழுங்க மறுக்கும், தண்ணீர் குடிக்காது, தொண்டை காயும், வலி இன்னும் ஏறும். இந்தப் பத்து நாளுக்கு, சிரப் பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடியைவிட ஊசி மாட்ட முடியாத வாய்வழி சிரிஞ்ச் எவ்வளவோ மேல்.

15 கிலோ குழந்தைக்கு டாக்டர் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் பாராசிட்டமால் எழுதினால் ஒரு வேளைக்கு 225 மி.கி. ஐந்து மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 4.5 மி.லி.; 125 மி.கி. உள்ளது என்றால் 9 மி.லி.; ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் வெறும் 2.25 மி.லி. மூடியில் 4.5-க்குக் கோடே இருக்காது, அடியில் ஒட்டிக்கொள்ளும் மருந்து வேறு. அதே சமயம், சிரிஞ்ச் தப்பான அளவையும் துல்லியமாகவே அளந்து கொடுக்கும். சிரப்புக்குச் சொன்ன 9 மி.லி.யைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நான்கு மடங்கு. பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் படித்துக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

அளவு பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தண்டின் முனை ரப்பரில் இரண்டு வளையம் தெரியும். நுனிப் பக்கம் இருக்கும் வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. நடுவே கூம்பாகத் துருத்தும் முனையைப் பார்க்கக் கூடாது. பல 5 மி.லி. சிரிஞ்சுகளில் கோடுகள் 0.2 இடைவெளியில் இருக்கும். அப்போது 4.5 என்பது 4.4-க்கும் 4.6-க்கும் நடுவே. காற்றுக் குமிழி புகுந்திருந்தால் நுனியை மேலே தூக்கி, நகத்தால் சுண்டி, குமிழியை வெளியே தள்ளிவிட்டு மறுபடி பாருங்கள். இல்லையென்றால் அந்த அளவு மருந்து குறைந்துபோகும்.

கொடுக்கும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நுனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து அரை மி.லி. தள்ளி, விழுங்கும்வரை பொறுத்து, அடுத்த அரை. நேரே தொண்டைக்குப் பீய்ச்சினால் புண்ணில் பட்டுக் குமட்டும், புரையேறும், கொடுத்ததெல்லாம் வாந்தியாகிவிடும். டம்ளரைத் தொடாத குழந்தைக்குத் தண்ணீரும் இப்படியே போகும்: ஐந்து நிமிடத்துக்கு இரண்டு சிரிஞ்ச் என்றால் ஒரு மணி நேரத்தில் 120 மி.லி. சிரிஞ்சைக் குழந்தை கையிலேயே கொடுத்துத் தானே தள்ளிக்கொள்ளச் சொன்னால் பாதி சண்டை ஓயும்.

குறைகளும் உண்டு. பிசுபிசுப்பான சிரப்புக்குப் பிறகு கழுவாமல் வைத்தால் தண்டு இறுகிவிடும்; அழுத்தும்போது திடீரென்று விட்டு மொத்தமும் ஒரே பாய்ச்சலில் போகும். ஒவ்வொரு முறையும் தண்டைத் தனியே உருவி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். மலிவானவற்றில் கோடுகள் சில நாளிலேயே அழியும், கொதிநீரில் போட்டால் இன்னும் சீக்கிரம். அழிந்ததை அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். நுனி மூடி குழந்தை தொண்டையில் சிக்கும் அளவில் இருப்பதால் வாங்கியதும் குப்பைக்குப் போகட்டும். 10 மி.லி. சிரிஞ்ச் சின்ன வாய்க்குப் பெரிது; 9 மி.லி. தேவைப்பட்டால் சின்னதிலேயே இரண்டு முறை எடுக்கலாம். கிராமெட் (செவிப்பறையில் பொருத்தும் சின்னக் குழாய்) மட்டும் வைத்த குழந்தைக்கு வலி பெரும்பாலும் சீக்கிரம் அடங்கிவிடும், இவ்வளவு ஏற்பாடு வேண்டாம்.

அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் உள்ளே போகக் கூடாத மருந்துகள் இரண்டு. கோடீன் சேர்ந்த பழைய இருமல் சிரப் ஒன்று. டான்சில் ஆபரேஷனுக்குப் பின் அது சில குழந்தைகளின் மூச்சையே அடக்கியதால் 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் கடும் எச்சரிக்கை கொடுத்தது. இன்னொன்று ஆஸ்பிரின். தொண்டையில் வெள்ளைப் படலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும். புது ரத்தம் தெரிந்தால், அதுவும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் என்றால், சிரிஞ்சை வைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.